வலப்பக்க இருக்கை

அவர் கைபேசியில் அந்த விமானத்தின் படத்தைக் காட்டியபோது நான் முதலில் பார்த்தது அதன் கதவைத்தான். மஞ்சள் நிறம். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரும் சின்னப் பெட்டி, மேலே சிறகு, முன்னால் காற்றாடி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் கண் கதவின் கொக்கியில் போய் நின்றது. நான் சமையல் வேலை செய்கிற கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பாத்திர அலுமாரிக்கும் அதே மாதிரிக் கொக்கிதான். அதை மூன்று வயதுப் பிள்ளை திறந்துவிடும்.

"இதென்ன, கதவுக்கு உந்தக் கொக்கியோ?" என்று கேட்டேன்.

"நீர் எஞ்சினைப் பாரும். அடுத்த படம்," என்றார் என் கணவர்.

அடுத்த படத்தில் எஞ்சின் இருந்தது. எனக்கு எஞ்சின்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இவர் மகிழ்ச்சியோடு விளக்கினார். அது விமான எஞ்சினே இல்லை. விமானத்தில் முதலில் இருந்ததைக் கழற்றிவிட்டு, ஒரு யப்பான் காரின் எஞ்சினை அதன் சொந்தக்காரர் தானே பூட்டியிருக்கிறார். கார் எஞ்சின் மிக வேகமாகச் சுற்றுமாம், காற்றாடி அவ்வளவு வேகமாகச் சுற்றக் கூடாதாம், ஆகவே நடுவில் ஒரு பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்திருக்கிறாராம். தெருமுனையில் அடிக்கிற சாதாரணப் பெற்றோலே போதுமாம்.

"எங்கட பழைய காரில இருந்ததே, அதே எஞ்சின் தான்," என்றார், உறவுக்காரப் பிள்ளையைக் கண்டவர் போல.

அந்தக் காரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தை மாதக் காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் எங்களை இறக்கிவிட்டுத் தன் பாட்டில் புகைத்துக்கொண்டு நின்ற கார் அது.

ஊரில் சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் எனக்குப் பயம் என்று ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகள் நினைக்கிறாள். அது பிழை. அந்த விமானங்கள் பறந்ததுதான் அப்போது பயம். இந்த விமானம் பறந்துகொண்டிருக்கும்போது பறப்பதை விட்டுவிடுமோ என்பதுதான் இப்போது பயம். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

என் கணவர் இங்கே கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில், பயணப் பைகள் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்து தலை நரைத்தவர். பெரிய விமானங்களின் வயிற்றுக்குக் கீழேயே பனியிலும் வெயிலிலும் நின்று நின்று, மேலே போய் உட்கார வேண்டும் என்ற ஆசை எந்த வருடம் அவருக்குள் புகுந்தது என்று எனக்குத் தெரியாது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு வாயைத் திறந்து சொன்னார். சிலர் அந்த வயதில் கோவில் சபையில் சேர்வார்கள், சிலர் சீட்டு விளையாடுவார்கள். இவர் பறக்கப் படித்தார். படித்து, சோதனை எழுதி, சின்ன விமானம் ஓட்டும் அனுமதியும் எடுத்து, பிறகு கூட ஒருவரை ஏற்றிப் போகும் அனுமதியையும் எடுத்துவிட்டார். அந்தக் கடதாசிக்குச் சட்டம் போட்டு எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டின் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் விளக்கு வைக்கும் போதெல்லாம் அதையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்து விமானத்தில், பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அவர் பறந்த நாட்களில் எனக்கு இவ்வளவு கலக்கம் இருக்கவில்லை. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று தொடங்கியபோதுதான் என் நித்திரை போனது. அதிலும் மாற்று எஞ்சின் போட்டதுதான் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். விமானத்துக்கென்றே செய்த எஞ்சினைப் பராமரிப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடை போட்டிருந்த காலத்தில் நாங்கள் கலியாணம் முடித்தோம். அப்போது ஊரில் ஓடிய கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை உயிர்போல வைத்திருப்பார்கள். அதில் சில சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் கணவர் அந்த வித்தையில் கெட்டிக்காரர். எங்கள் மோட்டார் சைக்கிளும் ஓடியது. ஓடியது என்றால், ஓடி ஓடி நின்றது. நின்றால் நான் பின்னால் இருந்து இறங்கித் தள்ளுவேன், அது இருமிக்கொண்டு எழும்பும், நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். புதுப் பெண்ணாக நான் அதில் இருந்துபோன நேரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு போன நேரம் கூட.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை. எந்த எஞ்சினையும் எதிலும் பூட்டலாம், எதை ஊற்றியும் ஓட்டலாம், நின்றால் திரும்ப எழுப்பலாம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய விசர் இது என்று நினைக்கிறேன். எல்லாம் இருந்த நாட்டில் வளர்ந்தவன் ஒரு கார் எஞ்சினை ஆகாயத்துக்குக் கொண்டுபோக முன் கொஞ்சம் யோசிப்பான்.

"நிண்டா என்ன செய்வியள்? மேல இறங்கித் தள்ளுறதோ?" என்று நான் கேட்டேன்.

"மேல நிண்டா அது பருந்து மாதிரி மெல்ல மெல்ல இறங்கும். இறக்கிறதுக்குத்தானே படிப்பிச்சவங்கள்," என்றார்.

அவருக்கு அது பதிலாக இருந்தது. எனக்கு அது 'நிற்கும்' என்று ஒப்புக்கொண்டதாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் விமானம் பார்த்தோம். சனிக்கிழமை வந்தால் ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்படுவார். நான் கூடப் போனேன். விருப்பத்தில் போகவில்லை, நான் இல்லாத இடத்தில் கையைக் கொடுத்து முடித்துவிடுவாரோ என்ற பயத்தில் போனேன். ஒரு கொட்டகையில் எஞ்சின் மூடியைத் திறந்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. இன்னொரு இடத்தில் விமானம் அழகாக இருந்தது, ஆனால் விற்கிறவர் அதைத் தடவித் தடவிக் கண் கலங்கினார். இவரும் சேர்ந்து கலங்கினார், இரண்டு பேரும் கடைசியில் விற்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் வரும் வழியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மற்ற நாட்களில் கார்டெரியில் கரட் சீவிக்கொண்டே யன்னலால் மரக்கிளைகளைப் பார்ப்பேன். கிளை ஆடினால் காற்று, காற்று என்றால் விமானம் ஆடும். இன்னும் வாங்காத விமானம். ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சியை அடிப்பிடிக்க விட்டேன். அங்கு வேலை செய்த காலத்தில் அதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தில் கண்ட மஞ்சள் விமானத்தை நேரில் பார்க்கப் போனது பனி கரைந்து சேறாக இருந்த ஒரு ஏப்ரல் சனிக்கிழமை. ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் சோளக் காணிகள் தொடங்கிவிடும். ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு பாடசாலை, டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடை ஒன்று, அதற்கப்பால் வெறும் வயல். வயலுக்கு நடுவே ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் அது.

விற்பவர் எழுபது தாண்டிய கியூபெக்காரர், மரியாதையான மனிதர். கண் பார்வை குறைந்ததால் இனிப் பறக்கக் கூடாது என்று டொக்ரர் சொல்லிவிட்டாராம். இவருக்கு வேலைத்தலத்துப் பிரெஞ்சு, அவருக்குக் கிராமத்துப் பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் நடுவில் எஞ்சின் கிடந்ததால் ஒன்றும் தடைப்படவில்லை. முதியவர் கையை விட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது தண்ணீர்க் குழாய், இது ரேடியேற்றர், இது பெல்ட். பிறகு விமானத்தை வெளியே தள்ளி, இயக்கினார். ஒரே பிடியில் எழும்பியது. கார் எஞ்சினின் சத்தம்தான், சந்தேகமில்லை. கண்ணை மூடினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குப் போகிறான் என்று நினைக்கலாம்.

என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். மருந்துப் போத்தலால் சில சொட்டு விட்டு எஞ்சின் எழும்பும்போது சிரிக்கும் சிரிப்பு. முடிந்தது கதை, இதைத்தான் வாங்கப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"நான் பால் வாங்கிக்கொண்டு வாறன்," என்றேன்.

"இஞ்ச வந்து என்னத்துக்குப் பால்?"

"வீட்டில முடிஞ்சுது."

காரை எடுத்துக்கொண்டு டெப்பனருக்குப் போனேன்.

எங்கள் ஆட்களில் ஒரு சம்பந்தம் பேசி வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க மாட்டோம். கேட்டு என்ன பலன்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்து வை என்று சொல்லிவைத்த சனம் நாங்கள். ஆகவே அவர்கள் இருக்கும் தெரு ஒழுங்கைக்கு ஓர் ஆளை அனுப்புவோம். அவர் அங்குள்ள கடையில் சோடா ஒன்று வாங்கிக் குடிப்பார், வெயிலைப் பற்றிக் கதைப்பார், பிறகு போகிற போக்கில், அந்த வீட்டுப் பெடியன் எப்படி என்று கேட்பார். உண்மை கடையில்தான் இருக்கும். என் கலியாணத்துக்கும் மாமா ஒருவர் அப்படிப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். "பெடியன் தங்கம். மோட்டார் சைக்கிள் தான் சரியில்லை" என்று சொன்னாராம். ஆழம் பார்த்துத்தான் காலை விட்டார்கள், பெடியனுடைய ஆழத்தை.

கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பாலை எடுத்து மேசையில் வைத்தேன். வெயிலைப் பற்றிக் கதைக்க வெயில் இருக்கவில்லை, ஆகவே சேற்றைப் பற்றிக் கதைத்தேன். என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. கவனம், மெதுவாக, தொடாதே, எங்கே நோகிறது என்பவை நன்றாக வரும். பெரியவர்களோடு கதைக்கத் தேவையான சொற்கள் குறைவு. ஆகவே சுற்றி வளைக்க முடியாமல், "அந்த மஞ்சள் விமானம். நல்ல பிள்ளையா, குழப்படியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அதுவா? அது என் மைத்துனனின் சோளத்துக்குள் இரண்டு தரம் இறங்கியிருக்கிறது," என்றாள். இரண்டு விரலை நீட்டியும் காட்டினாள், என் பிரெஞ்சை நம்பாமல். எஞ்சின் சூடாகி நின்றுவிட்டதாம். மைத்துனன் டிராக்டரால் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தானாம். முதல் தடவை சோளம் முளைத்து முழங்காலளவு. இரண்டாம் தடவை ஆளுயரம், விமானத்தைத் தேட வேண்டியிருந்ததாம். "ஆனால் மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நன்றாக இறக்குவார்," என்று பாராட்டினாள்.

நான் பாலை எடுக்காமல் கதவுவரை போய்விட்டேன். அவள்தான் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

திரும்பிப் போகும்போது கோபத்தில் எனக்குக் கன்னம் சுட்டது. எவ்வளவு மரியாதையான மனிதர், எவ்வளவு பெரிய பொய். ரேடியேற்றரைத் தொட்டுத் தொட்டுக் காட்டியவர் சோளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே. இன்றைக்கு இவர் முன்னிலையில் கேட்டு மானத்தை வாங்குவது என்று மனதுக்குள் பிரெஞ்சு வசனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் போனபோது எல்லோரும் வீட்டுக்குள், சமையலறை மேசையில் இருந்தார்கள். முதியவரின் மனைவி, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒல்லியான அம்மா, மேப்பிள் சர்க்கரைப் பாணி ஊற்றிய சூடான கேக் வைத்திருந்தார். என் கணவர் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டார். ஒருவர் வீட்டில் கை நனைத்த பிறகு அவரைக் குறுக்குக் கேள்வி கேட்பது எங்களுக்குக் கஷ்டம். நான் நனைக்கவில்லை. இருந்தபடியே கேட்டேன்.

"ஐயா, சோளம். இரண்டு தரம். ஏன் சொல்லவில்லை?"

முதியவர் ஆச்சரியப்பட்டார். ஒளித்தவரின் ஆச்சரியம் அல்ல அது. ஓம், இரண்டு தரம், இரண்டும் வெக்கையான நாட்கள், மேலே ஏறும்போது சூடு கூடியது என்றார். அதன் பிறகுதான் பெரிய ரேடியேற்றர் போட்டேன், அதற்குப் பிறகு நடக்கவில்லை என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "இதையெல்லாம் உங்களிடம் தொலைபேசியில் முதலில் பேசிய அன்றே சொன்னேனே?" என்று கேட்டார்.

என் கணவர் கரண்டியால் தட்டில் இருந்த பாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று தமிழில் கேட்டேன்.

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயப்பிடுவீர்."

"சொல்லாட்டி நான் பயப்பிடாமலோ இருந்தனான்?"

"இஞ்சரும், ரெண்டு தரமும் பத்திரமா இறங்கியிருக்குத்தானே. நிண்டாலும் இறக்கலாம் எண்டதுக்கு அதுதான் சாட்சி."

"அவர் இறக்கினவர். உங்களுக்கு எந்தச் சோளக்காணி காத்துக்கொண்டு இருக்கு?"

அவர்களுக்குத் தெரியாத மொழியில் சண்டை பிடித்தால் சபை நாகரிகம் கெடாது என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் சண்டையை விளங்கிக்கொள்ள மொழி தேவையில்லை. அந்த அம்மா எழும்பி எனக்கு முன்னால் பெரிய துண்டுக் கேக்காக வைத்தார். முதியவர் யன்னலால் வயலைப் பார்த்தார்.

எனக்கு எவ்வளவு நொந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் விற்கிறவர்கள் ஒளிப்பதைப் பிடிக்க வேண்டும் என்று பின்னால் திரிந்தேன். ஒளித்த ஆள் பக்கத்தில் இருந்து ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்திருக்கிறார். கடைக்கு ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டியது இவரைத்தான் போலிருந்தது.

ஆண்கள் மறுபடி கொட்டகைக்குப் போனார்கள். நான் தட்டுகளைக் கழுவ உதவி செய்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அந்த அம்மாவிடம் கேட்டேன். "நீங்கள் அதில் போயிருக்கிறீர்களா?"

"ஜமே," என்றார். ஒருபோதும் இல்லை.

"பயமா?"

"பயம் இல்லை. அவர் கூப்பிட்டதில்லை." துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு, எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். முதியவர் ஒரு வருடம் காற்றுச் சரியில்லை என்பாராம். இன்னொரு வருடம் புது பெல்ட், பழகட்டும் என்பாராம். பிறகு ரேடியேற்றர். பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு பெற்றோல் கானையும் கருவிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு போவாராம். இந்த அம்மா கீழே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, சத்தம் தொடர்ந்து கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

"நீங்கள் கேட்கவில்லையா, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று?"

"கேட்டால் ஓம் என்பாரா, இல்லை என்பாரா தெரியாது. இரண்டையும் கேட்க எனக்கு விருப்பமில்லை," என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நான் அலுமாரி மேல் தட்டில் பாத்திரம் எடுக்கக்கூட ஏணியில் ஏறாதவள்.

"நான் ஏறி இருந்து பாக்கப்போறன்," என்றேன்.

கணவர் திடுக்கிட்டார். "எதில?"

"இதில. நீங்கள் வாங்கினா முதல் நாளே நானும் வருவன். தனிய விடமாட்டன். இருந்து பாத்தாத்தானே தெரியும், இது எனக்குக் காணுமோ, போதுமோ எண்டு."

முதியவருக்குச் சந்தோசம். வலப்பக்கக் கதவின் கொக்கியைத் தூக்கித் திறந்துவிட்டார். ஏறும்போது இரண்டு இருக்கைகளையும் பார்த்தேன். இடப்பக்க இருக்கையின் துணி மினுங்கித் தேய்ந்து, ஓர் ஆள் இருந்த பள்ளம் அப்படியே கிடந்தது. வலப்பக்கத்து இருக்கையில் கான் வைத்த வட்டம் ஒன்று தெரிந்தது. அதைத் தவிர அது வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தது. அதில் மனிதர் யாரும் இருந்து நான் அறியேன் என்று அதுவே சொல்வது போலிருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

என் கணவர் வந்து இருக்கைப் பட்டியைப் பூட்டினார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். திரும்பவும் கழற்றி, இறுக்கிப் பூட்டினார். கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, வெளியே நின்று ஆட்டிப் பார்த்தார். கதவு ஆடியது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த இடத்தில் போய்விட்டது. கொக்கியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு முன்னால் போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். எனக்கு அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது. முதியவரிடம் கேட்கத் தொடங்கினார். இந்தக் குழாய் எப்போது மாற்றியது? பெல்ட் அறுந்தால் காற்றாடிக்கு என்ன நடக்கும்? பெரிய ரேடியேற்றர் போட்ட பிறகு நல்ல வெக்கை நாளில், இரண்டு பேருடைய பாரத்தோடு, ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

முதியவர் நேர்மையான மனிதர். "இரண்டு பேரோடு நான் பறந்ததே இல்லை," என்றார்.

இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட இவர் காலையில் கேட்கவில்லை. காலையில் இவர் மட்டும்தான் ஏறுவதாக இருந்தது.

மூடியைச் சாத்திவிட்டு வந்து, கதவைத் திறந்து, என் பட்டியைக் கழற்றினார். "இறங்கும்," என்றார்.

"ஏன்?"

"இறங்கும். போவம்."

முதியவரிடம் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். முதியவர் கோபிக்கவில்லை. காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்று அந்த வலப்பக்கக் கதவைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். அவருடைய மனைவி படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு வெற்றிதான், ஆனால் அழ வேண்டும் போலிருந்தது. பாலம் நெருங்கும்போது அடக்க முடியாமல் கேட்டேன்.

"உங்களுக்கெண்டா அந்த எஞ்சின் காணும். எனக்கெண்டா காணாதோ?"

டோர்வலுக்கு இறங்குகிற விமானம் ஒன்று ஆற்றுக்கு மேலால் தாழப் போனது. வழக்கமாக அது எந்த வகை, எங்கிருந்து வருகிறது என்று சொல்வார். அன்று சொல்லவில்லை.

"காணாது," என்றார் கடைசியில்.

அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஒளித்ததை எல்லாம் மன்னித்தேன். இனி இந்தப் பேச்சு எடுக்க மாட்டார், சட்டம் போட்ட கடதாசி சாமியறையில் இருக்கட்டும், கோடையில் தக்காளி வைப்போம் என்று நினைத்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பாலத்தின் நடுவில் வைத்து அவர் மெல்லச் சொன்னார்.

"நீர் சொன்னது சரி. உம்மை ஏத்தக்கூடிய ஒண்டாத்தான் பாக்கவேணும். நீர் வருவீர் எண்டு நான் நினைச்சதேயில்லை."

திரும்பிப் பார்த்தேன். கலியாண வீட்டில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் விமானம் பார்க்கிறோம். இப்போது அவர் முதலில் வலப்பக்கக் கதவைத் திறந்து பார்க்கிறார், பிறகுதான் எஞ்சின். மாற்று எஞ்சின் என்றால் வெக்கை நாளில் இரண்டு பேரோடு ஏறியதா என்று கேட்கிறார். இல்லை என்றால் ஃபிளாஸ்கை மூடிவிடுகிறார். போன கிழமை பார்த்த வெள்ளை நிற விமானம் எல்லாக் கேள்விக்கும் ஓம் என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஊர் டெப்பனரிலும் விசாரித்தேன், ஒரு குறையும் இல்லை. ஒரு குறையாவது கிடைக்காதா என்று நீண்ட நேரம் விசாரித்தேன்.

அன்றைக்கு நான் ஏறி இருந்தது அவரை மறிக்கத்தான், உண்மையில் எனக்கு வீட்டு ஏணியில் ஏறவே தலை சுற்றும் என்று இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் ஏறி இருந்து, பட்டியைப் பூட்டவிட்டு, சிரித்துக்கொண்டு, "ஓம், இது எனக்குக் காணும்" என்கிறேன்.

சொன்னால் அவர் தனியாகப் போய்விடுவார்.